வடக்கே சூலம், நுங்கம்பாக்கத்தில் தேர்வு

சிட்லபாக்கம், காலை ஐந்து மணி. செவ்வாய்க்கிழமை. எங்கள் வீட்டுக்காரருக்கு முதல் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, பால் பாக்கெட் வாங்கியாச்சு என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்: "உமாவோட ஷூ பை இங்க இல்ல. நேத்து சாயங்காலமே மாணிக்கம் வீட்ல வச்சுட்டேன். போற வழியில எடுத்துக்கோங்க."

மாணிக்கம் இவரோடு வேலை பார்ப்பவர், அன்றைக்கு அவருக்கு இரண்டாவது ஷிப்ட். வீடு பொழிச்சலூரில். நானும் என் பெண் உமாவும் போகவேண்டியது நுங்கம்பாக்கத்துக் கல்லூரிக்கு. சானடோரியத்தில் ரயில் ஏறினால் ஒரே வண்டி, உட்கார இடம் கிடைத்தால் ஒரு தூக்கம்கூடப் போடலாம். பொழிச்சலூருக்கு என்றால் பல்லாவரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, பம்மல் தாண்டிப் போகவேண்டும். இது எந்த ஊர்க் கணக்கில் போற வழி?

"வடக்கே சூலம்டி இன்னிக்கு. பரஸ்தானம் வைக்காம அனுப்பச் சொல்றியா?" என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செவ்வாயும் புதனும் வடக்கே பயணம் ஆகாது, சூலம். தவிர்க்க முடியாத பயணமாக இருந்தால், முந்தின நாளே நல்ல நேரத்தில் நம்முடைய சாமான் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்படி வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிறபோது அதை எடுத்துக்கொண்டு போகலாம். அதுதான் பரஸ்தானம். என் மாமனார் காசிக்குப் போனபோது ஒரு சொம்பை எதிர் வீட்டில் வைத்தாராம். நல்லது. எதிர் வீட்டில் வைத்தார்! இவருக்கோ எதிர் வீட்டுக்காரர்களோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டை, பேச்சு கிடையாது. அதனால் பொழிச்சலூர். வைப்பதற்கும் ஒரு சீப்பு, ஒரு துண்டு கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு? பாஸ்கெட் பால் ஆடப்போகிற பெண்ணின் ஷூதான் கிடைத்தது.

கத்தியிருப்பேன். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. போகிறபோது, "எது நடந்தாலும் கோபப்பட்டுடாதே, நல்ல காரியத்துக்குப் போறீங்க" என்று எனக்கு உபதேசம் வேறு.

இது மூன்றாவது கல்லூரி. பிளஸ் டூவில் உமா வாங்கிய மார்க்கை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்க முடியாது. விளையாட்டுக் கோட்டா ஒன்றுதான் வழி. அதில் சேர்ந்தால் பீஸ் கிடையாது, ஹாஸ்டல் சாப்பாடும் இலவசம் என்று பள்ளிக்கூட பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். முதல் கல்லூரியில் மாநில அளவில் ஆடியவர்கள்தான் வேண்டும் என்றார்கள். இரண்டாவதில் அடுத்த வாரம் வா என்றார்கள், போனால் இடம் முடிந்துபோயிருந்தது. இதிலும் இல்லையென்றால் டைப்ரைட்டிங் கிளாஸ், கூடவே கோவிலம்பாக்கத்து நாத்தனார் கொண்டுவந்திருக்கிற வரன். பையன் நல்லவன்தான், நிலம் விற்ற பணத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் உமாவுக்குப் பதினேழு முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எனக்கும் அதே வயதில்தான் நடந்தது, அதனால்தான் எனக்குப் பதறுகிறது.

ஆறு மணி சுமாருக்குப் பல்லாவரத்தில் இறங்கினோம். ரோட்டோரத்தில் நின்றோம். பொழிச்சலூர் பஸ் வருவேனா என்றது. வந்தபோது படியில்கூட இடம் இல்லை. உமாவை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள். ஐந்தடி பத்தங்குலம், டிராக் சூட், கையில் எதுவும் இல்லை. பம்மலில் ஒரு அம்மாள் ஏறி, மேல் கம்பி எட்டாமல் உமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கும்போது என்னைப் பார்த்து, "இவ்ளோ வளத்தியா இருக்காளே, மாப்ள எங்க தேடுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். உறவுக்காரர்கள் கேட்டுக் கேட்டு உமாவுக்குக் கூன் விழ ஆரம்பித்திருந்தது. கோர்ட்டில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்பாள். கும்பலுக்கு நடுவே நான் அவள் முதுகில் தட்டி, "நேரா நில்லு" என்றேன்.

பொழிச்சலூரில் தலைக்கு மேலே விமானம் ஒன்று சக்கரத்தை இறக்கிக்கொண்டு போயிற்று. மாணிக்கத்தின் வீட்டு ஓடெல்லாம் கடகடவென்று ஆடியது. அவர் மனைவி கோலப்பொடி டப்பாவும் கையுமாக எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயய்யோ! அக்கா, நீங்க ஏன் வந்தீங்க? அவர் அப்பவே கிளம்பிட்டாரே! பொம்பளைங்க காலங்காத்தால இவ்ளோ தூரம் எதுக்கு அலையணும், நானே மொபெட்ல போய்க் குடுத்துட்டு வந்துடறேன்னு பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"எங்க?"

"உங்க வீட்டுக்குத்தான்க்கா."

நாங்கள் பூட்டிவிட்டு வந்த வீட்டுக்கு. எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவரும் நல்லது நினைத்துத்தான் செய்தார், இவரும் நல்லது நினைத்துத்தான் செய்தார். இந்த நல்லவர்கள் நடுவில் என் பெண்ணின் ஷூ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. உமா காலில் ரப்பர் செருப்பு. அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். மாணிக்கத்தின் மனைவி பதறிப்போய்க் காபி கலக்க ஓடினாள். காபி வேண்டாம், ஆட்டோ எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

சிட்லபாக்கம் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு போனால் ஒன்பது மணித் தேர்வுக்குப் போய்ச் சேரவே முடியாது. ஷூ இல்லாமலே போவது என்று முடிவு செய்தோம். செய்தோம் என்ன, நான் செய்தேன். ஆட்டோக்காரர் பல்லாவரம் ஸ்டேஷனுக்கு இருபத்தைந்து ரூபாய் கேட்டார். அன்றைக்குப் பேரம் பேச எனக்குத் தெம்பு இல்லை.

"இன்னா பாப்பா, போலீஸ்ல சேரப் போறியா?" என்றார் கண்ணாடியில் பார்த்து.

"இல்லண்ணா. பாஸ்கெட் பால்."

"அது இன்னா, ஒசரத்துல கூடை கட்டி வுட்டுப் பந்து போடறதா? நமக்கு கிரிக்கெட் தான் தெரியும். நல்லா ஒசரமாத்தான் கீறே, போட்டுட்டு வா. அம்மா ஏன் மூஞ்ச தூக்கி வச்சிகினு கீறாங்க?"

"ஷூ வீட்டுல மாட்டிக்கிச்சு" என்றாள் உமா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

"அட, பேஜாரு! கால் கீதுல்ல? வுடு."

பல்லாவரத்திலிருந்து பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டே போனோம். மீனம்பாக்கம், பரங்கிமலை, கிண்டி. கிண்டியில் பாதிக் கூட்டம் இறங்கியது. மீனம்பாக்கத்தில் கூடையும் கையுமாக ஏறிய பூக்காரி சைதாப்பேட்டை வரைக்கும் விடாமல் கட்டிக்கொண்டே வந்தாள். கருவேப்பிலையும் டிபன் பாக்ஸும் வேர்வையும் கலந்த ஒரு வாடை. ஆபீஸ் போகிற பெண்கள் நின்றபடியே தூங்கினார்கள். தினமும் இப்படியா போய்வருகிறார்கள், என்ன பிழைப்பு என்று பரிதாபப்பட்டேன்.

நுங்கம்பாக்கத்திலிருந்து கல்லூரி நடக்கிற தூரம்தான். பெரிய மரங்கள், நடுவில் சிமெண்ட் கோர்ட். நாற்பது பெண்களாவது இருப்பார்கள். எல்லார் காலிலும் வெள்ளை ஷூ. விளையாட்டுத்துறை மிஸ் கழுத்தில் விசிலோடு வந்தார். குட்டையான ஆள், குரல் மட்டும் கோர்ட் முழுக்கக் கேட்கும்.

"ஷூ எங்கம்மா?"

உமா என்னைப் பார்த்தாள். பரஸ்தானக் கதையை அந்த மிஸ்ஸிடம் எப்படிச் சொல்ல? "வர்ற வழியில தவறிப்போச்சு மிஸ்" என்றேன்.

"வெறுங்காலோட சிமெண்ட்ல இறக்க மாட்டேன். வழுக்கி விழுந்தா நான்தான் பதில் சொல்லணும். கடைசி பேட்ச் வரைக்கும் டைம். யார்கிட்டயாவது வாங்கிக்கோ."

உமா யாரிடமும் போய்க் கேட்கிற ஜாதி இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கிவரச் சொன்னால்கூட நகரமாட்டாள். நான்தான் கேட்டேன். ஒவ்வொரு பெண்ணாக, ஒவ்வொரு அம்மாவாக. சைஸ் சேராது என்றார்கள், புது ஷூ என்றார்கள், ஒரு அப்பா எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இருந்த இடங்கள் ஆறு, அவர் பெண்ணும் அதற்குத்தானே வந்திருக்கிறாள். திரும்பி வந்து உமா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது ஆடி முடித்துவிட்டு மூச்சிரைக்க வந்தாள் ஒரு பெண், விழுப்புரத்துக்காரி. கேட்கும்முன்பே உட்கார்ந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள். "உங்கம்மா மூணு ரவுண்டு சுத்திட்டாங்க, பாக்கவே பாவமா இருக்கு. இந்தா. ஒரு சைஸ் பெருசு, முன்னாடி கர்சீப்ப சுருட்டி வச்சுக்க. ஈரமா இருக்கும், மூக்க மூடிக்க." உமா சிரித்துவிட்டாள். நான் அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு வெறுங்காலோடு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஓடினாள்.

எனக்கு இந்த விளையாட்டின் சட்டதிட்டம் இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்து எங்கே வரும் என்று உமாவுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது இவள் அங்கே போய் நின்றிருப்பாள். அன்றைக்கும் அப்படித்தான். முதல் இரண்டு பந்து கையில் வந்து நழுவியது. எனக்கு உயிரே போயிற்று. அப்புறம் ஷூவை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. கூட்டத்துக்கு மேலே அவள் இரண்டு கை மட்டும் எழும்பும், பந்தோடு இறங்கும். முதுகு நேராக இருந்தது. என் பெண் இவ்வளவு உயரமா என்று நானே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மிஸ் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா நின்றார்.

பன்னிரண்டரை மணிக்குப் பெயர்களைப் படித்தார்கள். விழுப்புரத்துப் பெண் இரண்டாவது. உமா ஐந்தாவது. அவள் என்னைக் கட்டிக்கொண்டபோது என் மூக்கு அவள் தோளுக்குக் கீழே எங்கேயோ நசுங்கியது. அழுதேன். இதில் வெட்கம் என்ன?

மிஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். எங்கள் முறை வந்தது. "பீஸ் கிடையாது. ஆனா ஹாஸ்டல் வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான். சிட்லபாக்கம் லோக்கல்ல வருது. காலைல ஐந்தரைக்கு கிரவுண்ட்ல இருக்கணும். நாளைக்கே பிராக்டிஸ். ஒரு நாள் லேட்டுன்னாலும் அடுத்த பொண்ணக் கூப்பிட்டுடுவேன், வெளியில காத்துக்கிட்டிருக்காங்க. முடியுமா?"

உமா தலையைக் குனிந்துகொண்டாள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். முதல் வண்டி. அதற்கு மூன்று மணிக்கு எழவேண்டும். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஏரிக்கரை ஓரம் விளக்குக் கிடையாது, நாய்கள் வேறு. அந்த இருட்டில், காலி வண்டியில், நுங்கம்பாக்கம் வரைக்கும் ஒரு பெண்ணைத் தனியாக அனுப்ப முடியுமா? அவர் போகலாமே என்பீர்கள், ஐந்து மணிக்கு அவரை வைத்துக்கொண்டு கம்பெனி பஸ் கிளம்பிவிடுகிறதே. மூன்று வருஷம். காலையில் கோபத்தை விழுங்கியதும், பஸ்ஸில் நசுங்கியதும், ஷூவுக்காகக் கையேந்தியதும் எல்லாம் போதாதா? அப்படியே அந்தச் சிமெண்டில் படுத்துவிடலாம் போல இருந்தது.

"முடியும் மிஸ்" என்றேன்.

திரும்பும்போது வண்டி காலி. உமா ஜன்னலோரம் தூங்கிப்போனாள். வரும்போது பார்த்த அதே மாம்பலம், அதே சைதாப்பேட்டை, அதே கிண்டி, வெயிலில் வெந்துகொண்டிருந்தன. காலையில் நின்றபடி தூங்கிய அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டேன். எந்தக் கம்பியைப் பிடித்தால் கை வலிக்காது, எந்த ஸ்டேஷனில் கண் விழிக்கவேண்டும் என்றெல்லாம் அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

சானடோரியத்தில் இறங்கியதும் நேரே டிக்கெட் கவுண்டருக்குப் போனேன். உமா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேக்கலாம். முதல்ல வாங்கிடலாம்."

கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார். "எங்க?"

"நுங்கம்பாக்கம். மாச சீசன் டிக்கெட். ரெண்டு பேருக்கு."

"பொண்ணுக்கு ஸ்டூடண்ட் கன்செஷன்னா காலேஜ்ல எழுதி வாங்கிட்டு வரணும், அப்பதான் தர முடியும். இப்ப ஒண்ணு போடறேன், யாருக்கு?"

"எனக்கு."

"வயசு?"

"நாப்பது."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "புதுசா வேலைக்குப் போறீங்களாம்மா?"

"இல்ல சார்" என்றேன். "காலேஜுக்கு."