தட்டிப் பார்த்துக் கொடுத்த ஃபில்டர்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது கொஞ்சம் கௌரவம். தென்காசியில் கார் உதிரிபாகக் கடை வைத்த புதிதில், ஆயில் ஃபில்டர் உசத்தியா மட்டமா என்பதை நான் தேங்காய் வாங்குகிற மாதிரிதான் சோதித்தேன். காதருகே கொண்டுபோய் விரலால் சுண்டுவேன். கனத்த சத்தம் வந்தால் உசத்தி, கிணுகிணுத்தால் மட்டம். அந்தத் தகர டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அறுத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. இதை வாடிக்கையாளர்கள் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு வேறு செய்வேன். கடையத்திலிருந்து வந்த ஒருவர், “அண்ணாச்சி காதுக்கே தெரிஞ்சிரும்லா” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நானும் அதை நம்பிவிட்டேன். நம்பியதில்தான் எல்லாம் கெட்டது.

கடைக்கு எதிரே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாச்சிக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். என்னை ‘வே’ போட்டுத்தான் பேசுவார். அவருடைய மச்சான், அதாவது அவர் மனைவியின் அண்ணன், குற்றாலத்தில் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் ஆனி மாதம், சாரல் விழத் தொடங்கிய வாரம், சீசனுக்கு முன் ஆயில் மாற்ற அந்தக் கார் வந்தது. அண்ணாச்சி ஃபில்டர் கேட்டார். புதிதாக வந்திறங்கியிருந்த ஒரு மலிவுச் சரக்கை எடுத்துச் சுண்டினேன். நல்ல கனத்த சத்தம். “கல்லு மாதிரி இருக்கு, கொண்டு போங்க” என்றேன்.

மறுநாள் செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் அந்தக் கார் ஆயிலை எல்லாம் பீய்ச்சி அடித்துவிட்டு, எஞ்சின் இறுகி நின்றது. உள்ளே குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பம் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எஞ்சின் போயிற்று, மச்சானின் சீசனும் போயிற்று. ஆத்திரத்தில் ஃபில்டரைக் கழற்றிக் காட்டுக்குள் வீசிவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஒர்க்‌ஷாப்பில் நானும் போய் எட்டிப்பார்த்தேன். ஃபில்டர் உட்காரும் இடத்தில் கிழிந்த ரப்பர் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், வாஷர் என்போம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது சில நேரம் வாஷர் மட்டும் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதைப் பார்க்காமல் புதியதை முறுக்கினால், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வாஷர் உட்கார்ந்து, ஓட்டத்தில் நழுவி, ஆயில் மொத்தமும் வெளியே போய்விடும். ஒரு மெக்கானிக் செய்யவே கூடாத தப்பு அது.

“பழச எடுக்காமலே மாட்டிட்டீரா மாப்ள?” என்றார் மச்சான்.

“தொடச்சேன்னுதான் நெனைக்கேன்.”

“நெனைக்கீரா?”

அண்ணாச்சி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அந்த ரப்பரைப் பிய்த்து எடுத்தேன். மாதக்கணக்கில் சூட்டில் கிடந்த வாஷர் விறைத்துப்போயிருக்கும். இது என் விரலுக்கிடையில் பிள்ளையின் காது மடல் மாதிரி வளைந்தது. புதுசு. என் ஃபில்டருடையது. பழசு என்று அங்கே வேறெதுவும் ஒட்டியிருக்கவில்லை. காதுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்துவிட்டது.

“என்னவே, பழசா?” என்றார் அண்ணாச்சி.

“பழசுதான்” என்றேன். சொல்லிவிட்டு, கழிவு ஆயில் டின்னுக்குள் போட்டுவிட்டேன்.

கடைக்குத் திரும்பி, வாழ்க்கையில் முதல்முறையாக ஃபில்டரை ரம்பம் வைத்து அறுத்தேன். அதே பெட்டியில் ஒன்று, பழைய நல்ல சரக்கில் ஒன்று. நல்லதில் காகித மடிப்புகள் நெருக்கமாக, விசிறி மாதிரி ஒரே சீராக நின்றன. வாஷர் உட்காரும் பள்ளம் ஆழமாக இருந்தது. நகத்தால் நெம்பினாலும் வரவில்லை. மற்றதில் மடிப்புகள் கலைந்து கிடந்தன, பசை பாதி இடத்தில் பிடிக்கவே இல்லை. பெயருக்குத்தான் பள்ளம், கவிழ்த்து ஒரு உதறு உதறினேன், வாஷர் தானாகவே மேஜையில் விழுந்தது. சத்தம் மட்டும் கனமாக வந்ததே, அது தகரத்தின் கனம். மீதிப் பெட்டியை மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எதிரே ஒரு ஆள் கேட்டிருக்கலாம். அவர் தன் விரலைத்தான் சந்தேகப்பட்டார்.

அதற்குப் பிறகு நான் பெரிய ஃபில்டர் பண்டிதன் ஆகிவிட்டேன். புளியங்குடியிலிருந்துகூட வந்து, “அறுத்துக் காட்டுங்க அண்ணாச்சி” என்பார்கள். நான்கு கம்பெனிச் சரக்கை வரிசையாகப் பிளந்து வைத்து, மடிப்பு, பசை, வால்வு என்று விளக்குவேன். நாக்கு அதுபாட்டுக்குப் பேசும். விரல் மட்டும் சொல்லாமலே வாஷரைத் தேடிப்போய் அழுத்திப் பார்க்கும். எதிரே அண்ணாச்சி, ஒவ்வொரு காரிலும் ஃபில்டர் உட்காரும் இடத்தை மூன்று தடவை துணியால் துடைத்து, செல்போன் வெளிச்சம் அடித்து, வண்டிக்காரரையும் கூப்பிட்டு விரல் வைக்கச் சொல்வார். சந்தையில் அவருக்கு ‘ரெட்டை வாஷர்’ என்று பட்டப்பெயர். முதல்முறை கேட்டபோது நானும் சிரித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மச்சான் அந்தக் கார் நின்றதோடு அண்ணாச்சியிடம் பேச்சை நிறுத்திவிட்டார். தங்கைக்கு வருஷாவருஷம் கொண்டுவரும் பொங்கல்படிச் சீரும் நின்றுபோயிற்று. மார்கழி முடிகிற சமயம் அந்த அம்மாள் ஒர்க்‌ஷாப்புக்குச் சாப்பாடு கொண்டுவந்தால், குற்றாலம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் ஏதாவது எண்ண வேண்டியிருக்கும்.

இந்த மார்கழியில் ஒருநாள் மத்தியானம், என் சொந்தக் காரையே ஆயில் மாற்ற விட்டிருந்தேன். மூன்று தடவை துடைத்துவிட்டு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். “விரல வச்சுப் பாரும்வே. பொறவு ஒரு சொல் வந்திரக்கூடாது.”

வைத்தேன். சுத்தமாக, வழவழப்பாக இருந்தது. விரலை எடுக்க முடியவில்லை. எடுக்காமலேயே சொன்னேன். அந்த ரப்பர் புதுசு என்பதை, ‘பழசுதான்’ என்ற என் பொய்யை, டின்னில் போட்டதை, அறுத்துப் பார்த்ததை, பெட்டியைத் திருப்பி அனுப்பியதை. நடுவில் என் வழக்கப்படி ஒரு வேடிக்கையும் சொல்லப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. “ஒங்க கையில தப்பே இல்ல அண்ணாச்சி” என்று முடித்தேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவாரோ என்றும் பயந்தேன். கைத்துணியை மடித்துத் தோளில் போட்டார். என் முகத்தைக் கொஞ்ச நேரம், ஏதோ ஒரு ஊரில் பார்த்த ஆள் மாதிரிப் பார்த்தார்.

“எங்கிட்ட எதுக்குவே சொல்லுதீரு, எம் மச்சான்ட்டப் போயி சொல்லும்.”