ஒழுங்கைக்கு ஒரு சாரி

கரையில் பெரிய மாங்காய் போட்ட கலியாணச் சாரி உடுத்தி, முக்காடு இழுத்து, கூரையில்லாத வீட்டின் முன்னால் ஒரு பெண் நிற்கிறாள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தவர் என் மச்சான், தங்கையின் புருஷன். கல்முனைக்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். மரியாதைக்காக ‘அவர்’ என்று எழுதுகிறேன்; மனதுக்குள் ‘அவன்’தான்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் ஒழுங்கையின் இருபக்கத்து வீட்டுக் கூரைகளையும் வயலுக்குள் விசிறிவிட்டுப் போயிருந்தது. மாரி மழையோ விட்டபாடில்லை. நிவாரணக் குழுவின் செயலாளர் நான். தகரம் கேட்டுப் பன்னிரண்டு பக்கத்தில் மனு எழுதினேன், உவமைகளுக்குக் குறைவில்லை. மச்சான் வாசித்துவிட்டு, “நல்ல தமிழ். அதிகாரி சிங்களவர்தானே மச்சான்,” என்றார். மறுகா கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் படம் பிடிக்கப் போனார். ஊரே அவர் பின்னால் போனது. என் மனு மேசையில் கிடந்து ஈரம் குடித்தது. அன்று என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு ஒழுங்கைக்கே சோறு ஆக்கியிருக்கலாம்.

நாங்கள் இருவரும் அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். தமிழ் கொஞ்சம் தெரிந்த அதிகாரி, படங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். “இந்த நோனாமார் எல்லாம் கலியாண வீட்டுக்குப் போறதா? தகரம் எதுக்கு?”

மச்சானின் முகம் விழுந்துவிட்டது. நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால், அதிகாரியின் கண்ணில் படாத ஒன்றை நான் கண்டு வைத்திருந்தேன். அல்லது அப்படித்தான் நினைத்தேன்.

“நல்லாப் பாருங்க சேர். எல்லாப் படத்திலயும் ஒரே சாரி. மச்சான் சோடிச்சு எடுத்த ஸ்டூடியோ வேலை இது.”

அதிகாரி படங்களை வரிசையாக அடுக்கி, மாங்காய்க் கரையை விரலால் தொட்டுக்கொண்டே போனார். “ஏன் ஒரே சாரி?”

மச்சான் குனிந்தபடி சொன்னார்: “தகரப் பெட்டிக்குள்ள கிடந்து தப்பினது அது மட்டும்தான் சேர். கிழிஞ்ச உடுப்போட படத்துக்கு நிக்க மாட்டோம் எண்டுட்டாங்க. ஒருத்தி அவுத்துக் குடுக்க மற்றவ உடுத்தா.”

அதிகாரி படங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தார். பிறகு பேனையை எடுத்தார். அந்தக் கிழமையே தகரம் வந்தது.

அதன்பின் கிணறு, ஆஸ்பத்திரிக் கட்டில், ஆற்றுக்குப் பாலம் என்று எல்லாவற்றையும் கமராவோடு போய்க் கேட்டு வாங்கினார் மச்சான். எண்பதுகளின் நடுவில் ஊர் கூடிப் பொன்னாடை போர்த்தியது. வாழ்த்துமடல் எழுதியவன் நான். வேறு ஆள் இல்லையாம். மேடையில் அவர், “தகரம் வந்தது என்ட படத்தால இல்ல, மச்சான்ட கண்ணால,” என்றார். சனம் என்னைப் பார்த்துக் கை தட்டியது.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்: “நான் அண்டைக்குக் கந்தோர்ல என்னத்துக்கு அப்படிச் சொன்ன எண்டு தெரியுமா?”

“தெரியாம என்ன? என்னக் கவுக்கத்தான்,” என்றார். “தகரம் வந்திச்சுதானே. விடுங்க.”

இப்போதும் சந்தையில் யாராவது சலாம் சொல்லி, அண்ணன் முறை வைத்து, “அந்தச் சாரியக் கண்டுபுடிச்ச காக்கா நீங்கதானே?” என்று கேட்கிறார்கள். ஓம் என்று தலையாட்டுகிறேன். இந்த ஊரில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு நல்ல பெயர்தான். அதையும் தந்தவன் அவன்.