என் எழுத்தைத் தன் எழுத்து என்ற சசி

சசி காலமாகிவிட்டார்... இன்று காலை, ஹார்ட் அட்டாக். அவர் மகள்தான் போன் பண்ணிச் சொன்னாள்.

யுத்த காலத்தின் கடைசி வருடங்களில் மாத்தளைப் பக்கம் கல்யாணம் முடித்தவர்களுக்கு டிஜே சசியைத் தெரிந்திருக்கும். டை கட்டிக்கொண்டு வரும் ஒரே டிஜே.

அப்போது ஃபங்ஷன் எல்லாம் பகலில்தான். பொழுது சாய்வதற்குள் ஆட்கள் வீடு போய்ச் சேரவேண்டும்.

டவுனில் ஒரு கல்யாண வீட்டில்தான் அவரிடம் முதலில் பேசினேன். பைலா டான்ஸ் பாட்டுக் கேட்டு வந்த மாமாமாருக்கு நடுவில் டிரான்ஸ் மியூசிக் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ட்ராக்கிலிருந்து அடுத்ததுக்கு மாறும்போது எனக்குப் பல் கூசியது.

கோயில் பஜனைக்கு கீபோர்ட் வாசிக்கிறவள் நான். சும்மா இருக்க முடியவில்லை... பக்கத்தில் போய், பீட் சரியாக விழுகிறது, சுருதிதான் அடித்துக்கொள்கிறது என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். ஒரு பை நிறைய சிடி, கண்டியில் இன்டர்நெட் கஃபேயில் எடுத்த ஒரு பிரின்ட் அவுட்.

அதில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம். ஒவ்வொரு சுருதிக்கும் 1 முதல் 12 வரை ஒரு நம்பர், கூடவே A அல்லது B. பக்கத்து நம்பர்கள் இழையும். 8Aக்குப் பிறகு 9A போடலாம். 3A போட்டால் காதைப் பொத்தவேண்டியதுதான்.

நான் கீபோர்டில் சுருதி பிடித்து, மார்க்கரால் ஒவ்வொரு சிடியிலும் நம்பர் எழுதினேன். மூன்று ஞாயிறு போனது. அதன் பிறகு அவர் செட்டில் ஒரு ட்ராக் எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. முறைத்த மாமாமார் கூட எழும்பி ஆடினார்கள்.

பிறகு அந்தக் கலேவெல கல்யாணம்... மணமகள் என் ஆபிஸ் தோழி. சசியின் வேனிலேயே நானும் போனேன்.

நாலந்தா தாண்டி ஒரு செக் பாயின்ட். எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் சிடி பையைத் திறந்து பார்த்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டார். 8A, 5B, 11A... இது என்ன இரகசிய எழுத்து, யார் எழுதியது என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

எழுதியது நான். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அந்த நாட்களில் பிடித்துவைக்க அதுவே போதும்.

நான் வாய் திறப்பதற்குள் சசி சொன்னார்: "மகே அகுரு, சேர்." என் எழுத்துதான், சேர்.

பாட்டுக்கான நம்பர் என்று விளக்கிப் பார்த்தார். அதிகாரி நம்பவில்லை. அப்படியென்றால் போட்டுக் காட்டுகிறேன் என்று சசி சொல்லி, வேனிலிருந்த சின்ன ஜெனரேட்டரை இறக்கி, ரோட்டோரத்திலேயே செட் பண்ணினார்.

முதலில் 8A. அதன் மேல் 9A... நாராசம். நான் நம்பர் தப்பாக எழுதியிருந்த டிஸ்க் அது!

சசி நிறுத்தினார். மார்க்கரை எடுத்து அந்த நம்பரை வெட்டினார். இது தப்பாக எழுதியது சேர், என்று சொல்லி வேறு 9A ஒன்றைப் போட்டார். இரண்டும் ஒன்றாகக் கலந்து எழும்பின. அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு அது முடியும் வரை கேட்டார். நம்பர் வெட்டிய டிஸ்க்கைத் திரும்பப் போடச் சொன்னார். கேட்டு முகத்தைச் சுளித்தார். போங்க என்று கை காட்டினார்.

வேனில் ஏறிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. "ஏன் உங்கட எழுத்தெண்டு சொன்னனீங்கள்?"

"உங்க கார்ட கேட்டிருப்பாங்க. வேற என்னத்த சொல்ல?" கொஞ்ச தூரம் போனதும், "எழுத்து என்னுதுன்னு சொல்லிட்டேன், தப்பும் என்னுதாயிருச்சு. இனிமே கவனமா எழுதுங்க" என்றார்.

சிரித்தேனா அழுதேனா தெரியாது. கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்திருந்தது. ஆனாலும் மணமகளை ஆடவைத்துவிட்டுத்தான் வந்தார்.

இந்தக் கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லையாம். இன்று மகளுக்கு நான்தான் சொன்னேன்.

நாளை பகல் இரண்டு மணிக்கு அலுவிகாரையிலுள்ள வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். எடுப்பதற்கு முன் அப்பாவுக்கு என்ன பாட்டுப் போடுவது என்று மகள் கேட்டாள். மூன்று ட்ராக் சொன்னேன், வரிசையோடு.

முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன், சசி.