ரொட்டிக்கார இதெலின் மெட்டு

இதெல் பிரிதர்க்கின் ரொட்டி வேன் வருகிற விதத்திலேயே அன்றைக்கு அவன் மண்டைக்குள் என்ன ஓடுகிறதென்று எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிடும். வேன் சீராக வந்தால் ஒன்றுமில்லை, ரொட்டியும் பதமாக வெந்திருக்கும். கொஞ்ச தூரம் வந்து ஒரு பிரேக், மறுபடி கொஞ்ச தூரம், மறுபடி பிரேக் என்று வந்தால் புது மெட்டு ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது, வரி முடிகிற இடத்திலெல்லாம் கால் தானாக அழுத்துகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட நாளில் ரொட்டியின் அடி கருகியிருக்கும். கத்தியால் சுரண்டிவிட்டுத் தின்போம். யாரும் கோபித்துக்கொண்டதாக நினைவில்லை. நான் கோபித்துக்கொண்டேன், ஆனால் நான் எதற்குத்தான் கோபித்துக்கொள்ளவில்லை?

அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் அப்பாவின் ரொட்டிக் கடைக்குப் போனான், நான் தபால் ஆபீஸ் கவுண்ட்டருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ரெகொபோத் தேவாலயத்தில், அவன் ஆண்களின் கனத்த குரலான பேஸ் வரிசையில், நான் பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்ட்டோ வரிசையில். எங்கள் பக்கத்தில் குடும்பமாக உட்கார்ந்து பாடுகிற வழக்கம் குறைவு. குரல் எங்கே போகிறதோ ஆளும் அங்கே. புருஷன் ஒரு மூலை, பெண்டாட்டி ஒரு மூலை. பல கல்யாணங்கள் நிலைத்து நின்றதற்கே அதுதான் காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மெட்டுப் போடுவது எங்கள் ஊரில் அதிசயமில்லை. பலகைக்கல் குவாரியில் பாறை பிளப்பவர் போடுவார், தையல்காரர் போடுவார். பாட்டின் வார்த்தைகள் பழசு, அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அசைக்கணக்கு ஒத்துப்போனால் போதும், எந்த மெட்டில் வேண்டுமானாலும் பாடலாம். கோடு போட்ட தாள்கூட வேண்டாம். டோ, ரே, மி என்ற ஸ்வர எழுத்துகளை வரிசையாக எழுதி நீட்டினால் சபை நாலு குரலில் பாடிவிடும். மெட்டுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், அதுதான் முறை. இதெல் தன் ரொட்டி போகும் வீடுகளின் பெயரை வைத்தான். எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு இதெலின் மெட்டு உண்டு. எங்கள் வீட்டுக்கும் ஒன்று இருந்தது. சோக மெட்டு. ஏன் சோகம் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஒன்றையும் சபை பாடியதில்லை. சபையில் எதைப் பாடுவதென்று முடிவு செய்கிறவர் கின்வல் ரோலண்ட்ஸ். பாட்டு எடுத்துக்கொடுப்பவர் அவர்தான், இதெலின் மனைவி லூநெட்டுக்கு அண்ணனும் அவர்தான். கல்யாணமாகி இருபது வருஷம் மச்சான் கையில் தாளைக் கொடுத்துக்கொண்டே இருந்தான் இதெல். அவரும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். கேட்டால், ரொட்டி நன்றாக இருந்தது மாப்பிள்ளை என்பார்.

இதெலுக்கு வேண்டியது பேரோ புகழோ இல்லை. அவன் வாயாலேயே எனக்குச் சொல்லியிருக்கிறான், கவுண்ட்டரில் தபால்தலை வாங்கும்போது. அவன் போட்ட மெட்டு ஒன்றை ஒரே ஒரு தடவை சபை இரட்டிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இரட்டிப்பு என்றால், ஒரு பாட்டு எல்லோரையும் பிடித்துக்கொண்டுவிட்டால் கடைசிச் சரணத்தின் கடைசி வரிகளை முடிக்க மனம் வராது. மேல்மாடியில் யாரோ ஒருவர் திரும்ப எடுப்பார், எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். அடங்காவிட்டால் மறுபடியும். யாரும் சொல்லி நடப்பதில்லை. போதகர் கேட்க முடியாது, பாட்டு நடத்துகிறவர் கேட்க முடியாது. வந்தால் வரும். அந்த நேரத்தில் தரைப் பலகை உள்ளங்காலுக்குக் கீழே அதிரும். அதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. 

சர்க்கரை ரேஷன் நீங்கிய மறு வருஷம், மே மாதப் பாட்டுத் திருவிழாவுக்கு, கமான்வா என்போம், ஒரு புது மெட்டு வேண்டுமென்று குழு அறிவித்தது. எங்கள் வழக்கப்படி புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும், உண்மைப் பெயர் ஒட்டிய தனி உறைக்குள் இருக்கும். கின்வல்தான் குழுத் தலைவர், மாப்பிள்ளையின் கையெழுத்து அவருக்கு அத்துப்படி. அதனால் இதெல் என்னிடம் வந்தான், நான் படி எடுத்துக் கொடுத்தேன். வேன் ஏற மறுத்து நின்ற ரியூ கோக் மேட்டில் கிடைத்த மெட்டு அது. எடுத்த எடுப்பிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. கடைசி வரி மட்டும் அந்த மேட்டைப் போலவே மேலே மேலே ஏறி உச்சியில் போய் நின்றது.

எழுதிக்கொண்டே வந்தவள் முடிவில் நிறுத்தினேன். கடைசி இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில் 'திரும்பவும்' என்று போட்டிருந்தான்.

"இது என்ன கூத்து இதெல்? இரட்டிப்பை நீயே எழுதி வச்சிருக்க?"

"அச்சுல இருந்தா பாடித்தானே ஆகணும்."

"கல்யாண வீட்டுல மொய் வைங்கன்னு கேக்கற மாதிரி இருக்கு."

எழுதச் சொன்னதை எழுது என்றான். எழுதினேன்.

குழு வேறெந்த மெட்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. கின்வல்தான் முதலில் கை தூக்கினாராம். உறையைப் பிரித்துப் பெயரைப் படித்ததும், மெட்டு நல்ல மெட்டு, யார் போட்டதென்பதற்கு நான் பொறுப்பில்லை என்றாராம். ஊரே சிரித்தது. லூநெட் மட்டும் அண்ணனோடு ஒரு வாரம் பேசவில்லை, இருபது வருஷப் பாக்கி என்றாள்.

அச்சுக்குப் போகுமுன் கின்வல் ரொட்டிக் கடைக்கு வந்தார். நான் அங்கே ஈஸ்ட் வாங்க நின்றிருந்தேன்.

"மாப்ள, அந்த 'திரும்பவும்' வேண்டாம். அடிச்சிடுவோம்."

"ஏன்?"

"அது சபை கொடுக்கறது. கேட்டு வாங்கற சாமான் இல்ல."

இதெல் மாவுக் கையைத் துடைக்காமலே அவர் முன்னால் வந்து நின்றான். "இருபது வருஷம் கேக்காமத்தான் இருந்தேன் மச்சான். யாரு கொடுத்தா?"

கின்வல் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அச்சில் 'திரும்பவும்' இருந்தது.

கமான்வா அன்று ஐந்து ஊர் சபைகள் ரெகொபோத்தில் வந்து நெருக்கின. ஜன்னல் விளிம்பில்கூட ஆட்கள். சாப்பாட்டுக்குப் பின்னறையில் பன்றிக்கறி ஹாமும் பழக் கேக்கும், வருஷங்களுக்குப் பிறகு உண்மையான சர்க்கரை போட்டது. நடத்த வந்தவர் தெற்கத்திக்காரர், அச்சில் உள்ளதை அட்சரம் பிசகாமல் செய்கிறவர். மாலை நிகழ்ச்சியில் இதெலின் மெட்டைச் சொன்னார். எதிர்ப்பக்கம், பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோ வரிசையில் லூநெட்டைப் பார்த்தேன். புது நீலத் தொப்பி வைத்திருந்தாள், உதடு வெளுத்திருந்தது.

நன்றாகத்தான் பாடினோம். கடைசிச் சரணம் முடிந்தது, தெற்கத்திக்காரர் தாளைப் பார்த்துக் கையைத் தூக்கினார், திரும்பப் பாடினோம், நிறுத்தினோம். உட்கார்ந்தோம். சொன்னதைச் செய்துவிட்டோம், அவ்வளவே. மேல்மாடியிலிருந்து ஒரு சத்தமில்லை. யாரோ இருமினார்கள். அடுத்து வந்தது எங்கள் அப்பா காலத்து மெட்டு. அதை எடுத்தவுடனேயே ஆலயம் பற்றிக்கொண்டது. இரட்டித்தோம், மறுபடி இரட்டித்தோம், தெற்கத்திக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் வாயைப் பிளந்து பாடிக்கொண்டுதான் இருந்தேன், நடுவில் பேஸ் வரிசையைப் பார்த்தால் இதெலின் இடம் காலி.

எல்லாம் முடிந்து கோப்பை கழுவ நான் பின்னறைக்குப் போனபோது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவன் கழுவிக்கொண்டிருந்தான். பழக் கேக் தட்டுகள், தேயிலைப் பானை, எல்லாவற்றையும் முடித்திருந்தான்.  துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். கின்வல் வந்தார். வழக்கம்போல ஏதாவது குத்தலாகச் சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயம். அவர் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டார்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, லேசான தூறல். பஸ்கள் வந்து சேரவில்லை. ஐந்து ஊர்க்காரர்களும் ரோட்டில் நின்றிருந்தார்கள். எங்கள் ஜனம் சும்மா நிற்காது. யாரோ ஒரு டெனர், ஆண்களில் மேல்குரல்காரன், மெல்ல ஆரம்பித்தான்.

இதெலின் கை தண்ணீருக்குள் நின்றது.

அவன் மெட்டுதான். நிதானமாக, புத்தகம் இல்லாமல், பாதிப் பேர் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு பாடினார்கள். கடைசி வரி வந்தது. உச்சிக்கு ஏற வேண்டிய இடத்தில் ஒருவரும் ஏறவில்லை. நாள் முழுக்கப் பாடிய தொண்டைகள் மெல்லக் கீழே இறங்கி ஓரிடத்தில் அமர்ந்தன.

"தப்பா பாடறாங்க" என்றான் இதெல்.

"ஆமா" என்றார் கின்வல்.

"அது மேல போகணும்."

"காலையில புதுத் தொண்டையோட யாரும் ஏறிடுவாங்க மாப்ள. நாள் முழுக்கப் பாடினவங்களால ஆகாது."

இதெல் கையை உதறிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தான். போய்த் திருத்தப்போகிறான் என்றே நினைத்தேன். அதற்குள் கடைசி வரிகளைத் திரும்ப எடுத்தார்கள், அச்சில் இருந்தபடி. முடிந்தது. அவ்வளவுதான் என்றிருந்தபோது ஒரு பெண் குரல் மறுபடி எடுத்தது. ரோடு முழுக்கச் சேர்ந்துகொண்டது. பின்னறை ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. இது அச்சில் இல்லை.

"யாரு அது, முதல்ல எடுத்தது?" என்று கேட்டான். 

"யாருன்னு கேக்கக் கூடாது" என்றார் கின்வல். "போ. போய்ப் பாடு. திருத்தப் போகாத, பாடப் போ."

அவன் மேல்கோட்டுகூடப் போடாமல் போனான். துடைத்துக்கொண்டிருந்த துணியோடு நானும் வாசல்படி வரை போனேன். கூட்டம் வழி விட்டது, ஒருவரும் கை தட்டவில்லை, ஒருவரும் முதுகில் தட்டவில்லை. பேஸ் குரல்கள் நின்ற இடத்தில் போய் நின்று கொண்டான். அவர்கள் இன்னொரு முறை எடுத்தார்கள். கடைசி வரியில் அவன் குரல் மட்டும் தன்னந்தனியாக மேட்டில் ஏறியது. பக்கத்தில் நின்ற குவாரிக்காரர், அவன் யாரென்று தெரியாத வெளியூர்க்காரர், பரிவோடு அவன் காதில் சொன்னார்: "கீழ போகணும் தம்பி. அப்படித்தான் இந்த மெட்டு."

இதெல் தலையாட்டினான். அடுத்த முறை எல்லோரோடும் சேர்ந்து கீழே இறங்கினான்.