அறுந்த நூலைப் பற்றிய பாட்டு

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலிலிருந்து நடக்க ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பஸ் போகிற சாலைதான், ஆனால் ஏறி உட்காரப் பிடிக்கவில்லை. மதியம் மூன்று மணி வெயில். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, பாதி எழுதிய நோட்டு ஒன்று. பனியன் துணி பின்னும் கம்பெனியில் எட்டு மாதம் இருந்தேன். எனக்கு அது நீண்ட காலம். அதற்கு முன் உடுமலைப்பேட்டைப் பக்கம் தேங்காய் உரித்தேன், அதற்கும் முன் சாயப்பட்டறையில் துணி அலசினேன். எந்த இடத்தையும் நானாகத்தான் விட்டுப் போவேன். இந்தத் தடவைதான் அனுப்பிவிட்டார்கள். காரணம் ஒரு பாட்டு.

நோட்டில் இருந்ததும் பாட்டுகள்தான். எல்லாமே சினிமாவுக்கு எழுதுகிற ஒருவருடைய பாட்டுகள். அவர் பெயர் வேண்டாம், திருப்பூரில் எந்த டீக்கடையில் நின்றாலும் அவர் எழுதியது ஓடிக்கொண்டிருக்கும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ராத்திரி ஷிப்டில் மெஷின் முன் நிற்கும்போது காதில் மாட்டிக்கொள்வேன். ஒரே பாட்டை இருபது தடவை கேட்டால் மெட்டு தேய்ந்துபோய் வார்த்தை மட்டும் மிஞ்சும். அப்புறம்தான் அவர் எப்படி எழுதுகிறார் என்று பிடிபட்டது.

பல்லவியில் எல்லோருக்கும் தெரிந்த சொற்களையே வைப்பார். சரணத்தில் ஏதாவது ஒரு சாமான் வந்துவிடும், அரிவாளோ ஊசியோ சாணைக்கல்லோ. கூடவே அதைப் பிடித்த கையும் வரும். கைகளை அவர் நன்றாகப் பார்த்திருக்கிறார். ஒரு பாட்டில் வேலைக்குப் போகிற பெண்ணின் தூக்குச்சட்டிப் பிடியில் பழந்துணி சுற்றியிருக்கும், சூடு தாங்குவதற்கு. அந்த இடத்தை எழுதிக்கொண்டு அன்று வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கால்கள் வராது. நோட்டு முழுக்கத் தேடினேன். கொலுசு இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வீங்கிய கால் எதிலும் இல்லை. அவருடைய ஆட்கள் நடப்பார்கள், ஓடுவார்கள், ஆடுவார்கள். யாரும் நிற்பதில்லை.

நூல் வருகிற பாட்டு ஒன்று உண்டு. வீட்டைவிட்டுப் போன மனைவியைக் கணவன் கூப்பிடுகிற பாட்டு. அறுந்த நூலை முடிச்சுப் போட்டால் மற்ற இடத்தைவிட அந்த இடம்தான் கெட்டி என்கிற மாதிரி அதில் வரும். என் மெஷினைப் பகலில் பார்க்கிற திருநெல்வேலிக்காரருக்கு அது உயிர். அவர் போன் அடித்தால் அதுதான் பாடும். அவர் மனைவி சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, போன மாதம்தான் திரும்பியிருந்தார். கம்பெனி கொடுத்த ரூமில் இருந்தார்கள். வேலை போனால் ரூம் போகும், ரூம் போனால் அவள் மறுபடி பஸ் ஏறிவிடுவாள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மெஷினை மாற்றிக்கொள்ள வந்தார்.

“இந்தப் பாட்டுக்கு உம்ம நோட்டுல என்ன வே எழுதியிருக்கீரு?”

“தப்புன்னு எழுதியிருக்கறனுங்க.”

“எது தப்பு?”

“அவரு தறியப் பாத்துட்டு எழுதியிருக்காருங்க. தறியில முடிச்சு நிக்கும். நம்ம மெஷின்ல ஊசிக்குக் கெட்டி முடிச்சு ஆகாதுங்க. ஓட்டைதான் வுழுகும்.”

“அவரு நூலயா வே சொல்லுதாரு? புருசன் பொண்டாட்டியச் சொல்லுதாரு.”

“எதுக்குச் சொன்னாலும் நூலு சரியா இருக்கோணுமுங்களே.”

“ஒம்பதாங் கிளாசுல மணியடிச்சு வெளிய வந்த மனுசன் திரும்பி உள்ள போவல. இப்ப பாட்டுக்கு மார்க் போடுதாரு.”

அந்த நேரம் பார்த்து ஒரு நூல் அறுந்து மெஷின் நின்றது. நகத்தில் தட்டாத அளவுக்குச் சின்னதாக முடிச்சுப் போட்டு, நுனியைக் கத்தரித்துவிடுவதுதான் வழக்கம். நான் அவருக்குக் காட்டுவதற்காக மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு முடிச்சைப் போட்டு பட்டனை அழுத்தினேன். எள்ளளவு ஓட்டை விழுந்தது.

அவர் குனிந்து பார்த்தார். “இம்புட்டுக்காணு ஓட்டைக்கா ஒரு பாட்டையே வேண்டாங்கீரு?” என்று சிரித்தார். டீ குடிக்கப் போனோம்.

அந்த முடிச்சு ஊசியின் கொக்கியை முறித்துவிட்டது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஊசி முறிந்தால் மெஷினை நிறுத்தவேண்டிய கருவி ஒரு மாதமாகப் பழுது. துணி உள்பக்கமாகச் சுருண்டு இறங்குகிற மெஷின் அது, ஓடும்போது பழுது கண்ணில் படாது. ஓட்டையிலிருந்து ஒரு கோடு நேராக ரோல் முடியும்வரை போயிருந்தது.

புதன்கிழமை மதியம் தூங்கிக்கொண்டிருந்த என்னையும் கூப்பிட்டார்கள். மேஜையில் ரோலை விரித்து வைத்திருந்தார் சூப்பர்வைசர். ரோலை வெட்டி எடுத்தவர் பெயர்தான் அதில் ஒட்டும் சீட்டில் இருக்கும். திருநெல்வேலிக்காரர் பெயர் இருந்தது.

“ஆரு போட்ட முடிச்சுங்க இது? இத்தன வருசம் மெஷின் ஓட்டுனவரு போடற முடிச்சுங்களா?”

திருநெல்வேலிக்காரர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தால் தானும் பக்கத்தில் நின்றது வெளியே வரும் என்று பயந்திருப்பார். அல்லது எனக்காகவும் இருக்கலாம்.

“நான் போட்டதுங்க,” என்றேன்.

“தூக்கமுங்களா?”

“இல்லீங்க. தெரிஞ்சுதான் போட்டேன். ஒரு பாட்டுல தப்பு இருக்குதுன்னு காட்டறதுக்குங்க. அவருக்கு இதுல ஒண்ணுமில்லீங்க.”

சூப்பர்வைசர் ரோலைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினார். “எட்டு மாசமா நல்லாத்தான இருந்தீங்க,” என்றார். “பைய எடுத்துக்குங்க.”

கேட் வரைக்கும் திருநெல்வேலிக்காரர் வந்தார். “தப்புன்னு எழுதுனத அடிச்சுட்டுப் போவும் வே.”

“மாட்டனுங்க.”

“சரி. போய்ச் சேந்ததும் போன் பண்ணும்.”

“எங்க போறேன்னு எனக்கே தெரியாதுங்களே.”

அவர் சிரிக்கவில்லை. உள்ளே மெஷின் சத்தம் கேட்டதும் திரும்பிப் போனார்.

நடக்கும்போது அந்தப் பாட்டைத்தான் யோசித்தேன். முடிச்சுப் போட்டதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. அந்த நூல் அடுத்து எந்த ஊசிக்குள் போகும் என்று அவர் சொல்வதில்லை. அதை நான் ஏமாற்று என்று நினைத்திருந்தேன். ஆனால் அவருடைய ரூமில் இன்று ராத்திரியும் உலை கொதிக்கும். முடிச்சு ஒரு மாதமாக நிற்கிறது. திருநெல்வேலிக்காரருக்கு அது நாளைக்கும் நிற்கவேண்டும், அவ்வளவுதான். அவர் அந்தப் பாட்டைக் கேட்பதே அதற்காகத்தான். ஊசி எப்படி ஓடும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கால் வலித்தது. ஒரு பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். ‘தப்பு’ என்பதை அடிக்கவில்லை. அதற்கு முன்னால் ‘நூல் மட்டும்’ என்று சேர்த்தேன்.

மறுநாள் காலை, பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் ஒரு கடைக்காரர், ஏற்றுமதியில் கழித்த பனியன்களைத் தரம் பிரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

“ஓட்டை பாக்கத் தெரியுமுங்களா?”

“தெரியுமுங்க. வேலை செய்யறப்ப பாட்டுக் கேக்கலாமுங்களா?”

“கேளுங்க. ஆனா நின்னுட்டுத்தான் பாக்கோணும். உக்காந்தா வெளிச்சம் பத்தாது.”

பையை மூலையில் வைத்துவிட்டு, முதல் பனியனை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தேன்.