பெட்டிக்கு வைத்த சந்தனப் பொட்டு

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரம் நடந்தது இது. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில் ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறேன். தோல் உடையும்போது எழும் தூசு அளவு மீறினால், ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதைக் கண்டுபிடிக்கச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. காற்றில் தூசு கூடினால் சில நொடிகளில் சிவப்பு விளக்கு எரிந்து அலறும். மாட்டிக் கொடுத்த விழுப்புரத்து இன்ஜினியர் பெண், "பச்சை எரிஞ்சாதான் வெல்டிங் வைக்கணும்க்கா" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஓயாமல் கத்தும் பெட்டி, பூஜைக்குப் பிறகு வாயே திறக்கவில்லை. சாமி கும்பிட்டதும் அடங்கிவிட்டது என்று நானே கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

அன்று ஒரு மிஷினில் தகடு விட்டுப்போய் வெல்டர் வந்தார். பக்கத்து மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்தேன், பச்சை. "ஆரம்பிங்கண்ணே" என்று சொல்லியும்விட்டேன். அவர் கண்ணாடி மாட்டும்போதுதான் கவனித்தேன். பூஜையன்று எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்த கையோடு பெட்டிக்கும் வைத்திருக்கிறேன், சரியாகக் காற்று போகும் துளை மேலேயே! சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது.

"அண்ணே, வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே வளையலில் கிடந்த ஊக்கை எடுத்துத் துளையைக் குத்தினேன். கையை எடுப்பதற்குள் சிவப்பு எரிந்து பெட்டி வீலென்று அலறியது.

மிஷினை நிறுத்தி எல்லாரையும் வெளியே விரட்டினேன்; என்னையும் வெல்டரையும் சேர்த்துப் பதினோரு பேர். முதலாளி ஓடிவந்தார். "இன்னாம்மா பேஜாரு பண்ற? லாரி வந்து நின்னுக்கினு இருக்குது, ஜல்தி ஓட்டச் சொல்லு!"

"லாரி நிக்கட்டுங்க. உள்ள ஒருத்தரும் போகக் கூடாது" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

தூசு அடங்கியபின் போய்ப் பார்த்தால், பின்பக்கம் தூசு பிடிக்கும் பை நெடுக்கக் கிழிந்திருந்தது. தூசிலேயே பழகிய எங்கள் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. வெல்டர் கிழிசலைக் கையால் தொட்டுப் பார்த்தார். "பதினோரு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்மா" என்றார்.

பொட்டு வைத்ததே நான்தான் என்று முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன். "எடுத்ததும் நீதானேம்மா" என்றவர், லாரிக்காரருக்கும் சேர்த்து டீ சொன்னார்.

இந்த வருடம் முதல் பொட்டு அந்தப் பெட்டிக்குத்தான், துளையை விட்டுத் தள்ளி. பதினோரு பேரும் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்ட அந்த மதியத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனாலும் பச்சை விளக்கைப் பார்த்ததும் தலையாட்டாமல், துளையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் சரி என்கிறேன்.