வகுப்புக்கே அண்ணன்

ஒன்பதாம் வகுப்பில் அவன் தேறவில்லை. அடுத்த வருஷம் அதே வகுப்புக்கு, அதே ஜன்னலோரக் கடைசி பெஞ்சுக்குத் திரும்பி வந்தபோது, முதல் பெஞ்சில் அவன் தம்பி உட்கார்ந்திருந்தான்.

இருவருக்கும் ஒரு வயசுதான் வித்தியாசம். பள்ளியில் இருந்ததோ ஒரே பிரிவு. முதல் நாளே எவனோ விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டான். மதியத்துக்குள் வகுப்பு மொத்தமும் அவனை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தது.

"அண்ணன் வர்றார், வழி விடுங்கடா!"

"அண்ணே, உங்க காலத்துல இந்தப் பாடம் எப்படி இருந்துச்சு?"

அவனும் பல்லைக் காட்டினான். சிரித்து வைத்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. விடவில்லை. வகுப்புக்கே அவன் அண்ணன் ஆனதில், சொந்தத் தம்பி அந்த வார்த்தையைக் கைவிட்டான். வீட்டில்கூட "இந்தா", "கேளு" என்று மொட்டையாகப் பேசினான்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் வேலை. அப்பா வெளியூரில் கட்டட வேலையில் இருந்தார். வாரம் ஒருமுறை ஃபோனில் வருவார்.

"ஆம்பளப் பிள்ளை, இதுக்கெல்லாம் மூஞ்சியத் தொங்கப் போடலாமா? தம்பிகிட்ட கேட்டுப் படி."

"சரிப்பா."

அதற்கு மேல் என்ன சொல்ல? படிக்க உட்கார்ந்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு வரியின் கடைசிக்குப் போவதற்குள் அதன் தொடக்கம் நழுவிவிடும். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், மற்றவர்கள் சமாளிக்கிறார்கள், தன் மண்டையில்தான் ஒன்றும் இல்லை என்று நம்பியிருந்தான்.

ஒருநாள் கணக்கு டீச்சர் பரீட்சை வைத்து, தாள்களைப் பையன்களுக்கே மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். அவன் தாள் தம்பியிடம் போயிற்று. திரும்பி வந்தபோது பாஸ்! உற்றுப் பார்த்தான். தப்பாகப் போட்டிருந்த விடைகள் அடிக்கப்பட்டு, சரியான விடைகள் எழுதப்பட்டிருந்தன, அச்சு அசலாக அவனுடைய கோணல்மாணல் எழுத்தில். மார்க்கைவிட அந்தக் கோணல்தான் அவனைச் சுட்டது.

மணி அடித்ததும் டீச்சரிடம் போனான். "இது என் மார்க் இல்ல டீச்சர். எடுத்துடுங்க."

"அப்போ இதை யார் எழுதினது?"

அவன் தாளை டீச்சர் பக்கம் தள்ளி வைத்தான். டீச்சர் ஒரு கேள்வியை வாய்விட்டுப் படித்து, "இப்போ போடு" என்றார். போட்டான். இன்னொன்றையும் படித்தார். அதையும் போட்டான்.

"தெரியுதே! அப்புறம் என்னடா?"

"நீங்க படிச்சீங்க டீச்சர். நான் படிச்சா வேற மாதிரி வருது."

டீச்சர் அவன் உட்கார ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

அன்று சாயங்காலம் தம்பி பாய்ந்தான். "போட்டுக் குடுத்துட்டியா?"

"உன் பேரைச் சொல்லல."

"உனக்காகத்தானே செஞ்சேன்!"

"எனக்காகவா? ஃபெயிலானவன் தம்பின்னு உன்னை யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதானே?"

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிறகு தனித்தனியாகவே பள்ளிக்குப் போனார்கள். ஒருவன் முன்னால், ஒருவன் பின்னால்.

டீச்சர் அலைந்து திரிந்து, பரீட்சையில் அவனுக்குக் கேள்விகளைப் படித்துக் காட்ட ஏற்பாடு செய்தார். நல்லதுதான். ஆனால் அதற்குத் தனி அறை. ஒவ்வொரு பரீட்சைக்கும் எல்லாரும் ஒரு பக்கம் போக, அவன் மட்டும் மாடி ஏறினான். பாதிப் படியிலேயே கீழே கேட்கும் பேச்சும் சிரிப்பும் அடங்கிவிடும்.

ஆண்டு முடிவில் தேறினான். பட்டியலைப் பார்த்ததும் பையன்கள் தம்பியை இழுத்துக்கொண்டு விளையாடக் கிளம்பினார்கள். இவனைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ஃபோன் செய்தான். அம்மாவுக்குப் பின்னால் சலவை இயந்திரங்கள் இரைந்தன.

"அம்மா, பாஸ்!"

"பஸ்ஸா? எந்த பஸ்? சத்தமாச் சொல்லு!"

"பாஸும்மா!"

"ஒண்ணும் காதுல விழலடா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீ வா, சொல்றேன்."

சாப்பிட்டிருக்கவில்லை. மூடி வைத்திருந்த சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டான்.